ஸ்பீக்கருக்கு ஜாதகம் பார்ப்பவர்கள்

"சேராது சார்" என்றார் அவர்.

கல்யாணப் பேச்சில் பெரியவர்கள் சொல்வார்களே, கொஞ்சம் வருத்தத்தோடு, நம் நல்லதுக்குத்தான் சொல்வதுபோல, அந்தத் தொனி. சென்னையில் ஒரு ஆடியோ கடை. ஏசி அறை, காலை முழுங்கும் கார்ப்பெட், சுவர் முழுக்கப் பஞ்சு வைத்துத் தைத்த பேனல்கள், நடுவில் ஒற்றைத் தோல் நாற்காலி. நான் வாங்க வந்தது ஒரு ஜோடி ஸ்பீக்கர். வீட்டில் ஏற்கெனவே இருந்த ஆம்ப்ளிஃபையரின் பெயரைச் சொன்னேன். அவர் உதட்டைப் பிதுக்கினார். "இந்த ஸ்பீக்கர் பிரைட். உங்க ஆம்பும் பிரைட். ரெண்டும் சேந்தா காது வலிக்கும். ஒரு வார்மான ஆம்ப் போட்டுக் கேளுங்க, அப்படியே கரைஞ்சு போவீங்க."

கரைந்தேன். கிரெடிட் கார்டும் சேர்ந்து கரைந்தது. அடுத்த மூன்று வருடங்களில் ஒரே ஜோடி ஸ்பீக்கருக்கு மூன்று ஆம்ப்ளிஃபையர் மாற்றினேன். மொத்தம் மூன்று லட்சத்துக்கு மேல். தொகையை வீட்டில் இன்னும் முழுசாகச் சொல்லவில்லை. என் மனைவி இலக்கிய இணைய இதழ்கள் படிப்பதில்லை என்ற நம்பிக்கையில் இங்கே எழுதுகிறேன்.

ஆடியோ வட்டாரத்தில் புழங்கும் 'மேட்சிங்' என்ற சொல்லுக்குத் தமிழில் சரியான சொல் பொருத்தம். தினப் பொருத்தம், கணப் பொருத்தம், ரஜ்ஜுப் பொருத்தம் என்று பத்து இருக்கிறதல்லவா, அதே பொருத்தம். ரஜ்ஜு தட்டினால் மற்ற ஒன்பதும் வீண் என்று ஜோசியர் சொல்வார். இங்கே 'சினர்ஜி' இல்லையென்றால் மற்றதெல்லாம் வீண் என்பார்கள். பொருந்தாததற்குப் பரிகாரமும் உண்டு: கை விரல் தடிமனுக்கு ஒரு கேபிள், ஆம்ப்ளிஃபையருக்குக் கீழே வைக்க நான்கு பித்தளைக் கூம்பு, இருநூறு மணி நேரம் ஓடவிட்டுப் 'பழக்குதல்'. அந்த இருநூறு மணி நேரம் முடிவதற்குள் பொருளைத் திருப்பித் தரும் கெடுவும் முடிந்துவிடும் என்பது தற்செயல் என்றே வைத்துக்கொள்வோம்.

ஸ்பீக்கருக்கும் ஆம்ப்ளிஃபையருக்கும் பார்க்க வேண்டிய பொருத்தம் உண்மையில் உண்டு. அது ஒரு துண்டுச் சீட்டின் பின்பக்கத்தில் முடிந்துபோகிற கணக்கு. அதற்கு மேல் அந்தப் பெயரில் விற்கப்படுவது பயம். பயப்படுகிறவன் எதைக் கவனிக்காமல் விடுகிறானோ, நம் வீடுகளில் பாட்டு கெட்டுப்போவது அதனால்தான்.

இதை எனக்கு முதல் நாளே சொன்னவர் என் அப்பா. அவர் மின்வாரியத்தில் லைன் இன்ஸ்பெக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். அம்மா போன பிறகு கோவில்பட்டி வீட்டைப் பூட்டிவிட்டு எங்களோடு வேளச்சேரி ஃபிளாட்டுக்கு வந்தார். வரும்போது இரண்டு பெட்டி கேசட். 'ரெக்கார்டிங் சென்டரில்' கொடுத்து, பாட்டு வரிசையைத் தன் கையால் எழுதிப் பதியவைத்த டிடிகே 60களும் 90களும். டி.எம்.எஸ்., சுசீலா, பின்பக்கத்தில் கொஞ்சம் ஜானகி. அந்தப் பாட்டுகளையெல்லாம் நல்ல ஒலியில் அவருக்குப் போட்டுக் காட்ட வேண்டும் என்பதுதான் இத்தனைக்கும் ஆரம்பம். முதல் ஆம்ப்ளிஃபையரைப் பெட்டியிலிருந்து எடுத்த அன்று, எப்படிப் பொருத்தம் பார்த்து வாங்கினேன் என்று அவருக்கு விளக்கினேன். பொறுமையாகக் கேட்டார். கடைசியில், "ஏல, லோடு எவ்வளவு, லைன் எவ்வளவு தாங்கும், அவ்வளவுதான?" என்றார்.

அவ்வளவுதான். ஆனால் நான் எலக்ட்ரானிக்ஸ் அண்ட் கம்யூனிகேஷன் படித்தவன். டிப்ளமோகூட இல்லாத லைன் இன்ஸ்பெக்டர் சொல்லி நான் எப்படிக் கேட்பேன்?

என் படிப்பும் இதில் ஒரு குற்றவாளி. இரண்டாம் செமஸ்டரில் 'மேக்ஸிமம் பவர் டிரான்ஸ்ஃபர் தியரம்' என்று ஒன்று வரும், பதினாறு மார்க் கேள்வி. மூலத்தின் மின்மறுப்பும் சுமையின் மின்மறுப்பும் சமமாக இருந்தால்தான் அதிகபட்சத் திறன் கடத்தப்படும் என்பது அதன் சாரம். அதை மனப்பாடம் செய்த தலைமுறைக்கு 'இம்பீடன்ஸ் மேட்சிங்' என்று யாராவது சொன்னாலே கை தானாகக் கும்பிடும். வால்வு காலத்தில் அந்தச் சொல்லுக்கு ஒரு நியாயம் இருந்தது. வால்வு ஆம்ப்ளிஃபையரின் பின்னால் 4, 8, 16 ஓம் என்று தனித்தனி முனைகள் இருக்கும், உங்கள் ஸ்பீக்கருக்கு ஏற்றதில் ஒயரைச் சொருக வேண்டும். டிரான்ஸிஸ்டர் ஆம்ப்ளிஃபையர் அப்படி வேலை செய்வதில்லை. அதன் வெளியீட்டு மின்மறுப்பை வேண்டுமென்றே ஒரு ஓமில் பத்தில் ஒரு பங்குக்கும் கீழே வைத்து வடிவமைக்கிறார்கள். எதிரே 8 ஓம் ஸ்பீக்கர். இரண்டும் சமமாக இருந்தால் பாதித் திறன் ஆம்ப்ளிஃபையருக்குள்ளேயே சூடாகப் போய்விடும். ஆக, நவீன ஆம்ப்ளிஃபையர் வேலை செய்வதே ஸ்பீக்கரோடு 'மேட்ச்' ஆகாமல் இருப்பதால்தான். இதைப் பதினாறு மார்க்குக்கு எழுதிய நான், கடையில் தோல் நாற்காலியில் உட்கார்ந்ததும் மறந்துபோனேன்.

சரி, அந்தத் துண்டுச் சீட்டுக் கணக்கைப் போட்டுவிடுவோம். என் ஸ்பீக்கரின் உணர்திறன் 86 டெசிபல். ஒரு வாட் கொடுத்தால் ஒரு மீட்டர் தள்ளி 86 டெசிபல் கேட்கும் என்று பொருள். சோஃபா மூன்று மீட்டர் தள்ளி இருக்கிறது. தூரத்தால் ஒன்பதரை டெசிபல் குறையும், ஸ்பீக்கர் இரண்டு என்பதால் மூன்று கூடும். சுமார் 80. அறைச் சுவர்கள் திருப்பி அனுப்புவதைச் சேர்த்தால் இன்னும் கொஞ்சம் கூடவே இருக்கும். வீட்டில் நன்றாக, சத்தமாகவே பாட்டுக் கேட்பது என்றால் சராசரி 75 டெசிபல். அதாவது பெரும்பாலான நேரம் உங்கள் ஆம்ப்ளிஃபையர் ஒரு வாட்டுக்கும் கீழேதான் ஓடிக்கொண்டிருக்கிறது. திடீரென்று மிருதங்கத்திலோ டிரம்மிலோ ஒரு அடி விழும்போது சராசரிக்கு மேல் 20 டெசிபல் எகிறும் என்று தாராளமாக வைத்தாலும் 95. அதற்கு சுமார் 35 வாட் வேண்டும். இரண்டு மடங்கு வாட் கொடுத்தால் கூடுவது வெறும் மூன்று டெசிபல். காதுக்கு இரண்டு மடங்கு சத்தமாகத் தோன்றப் பத்து மடங்கு வாட் வேண்டும். 50 வாட்டிலிருந்து 100 வாட்டுக்குப் போக நான் கொடுத்த எழுபதாயிரம் ரூபாய்க்குக் கிடைத்தது, நான் ஒருமுறைகூடப் பயன்படுத்தாத அந்த மூன்று டெசிபல்.

இன்னொரு வரி பாக்கி. 8 ஓம் என்று எழுதியிருக்கும் ஸ்பீக்கர் எல்லா அதிர்வெண்ணிலும் 8 ஓம் இல்லை. ஓரிடத்தில் 20க்கு ஏறும், ஓரிடத்தில் 4க்கு இறங்கும். இறங்குகிற இடத்தில் இரண்டு மடங்கு கரண்ட் இழுக்கும். ஆம்ப்ளிஃபையரின் காகிதத்தில் 4 ஓமுக்கும் வாட் கணக்கு கொடுத்திருக்கிறார்களா என்று பாருங்கள். கொடுத்திருந்தால் தாங்கும். லோடு எவ்வளவு, லைன் எவ்வளவு தாங்கும். முடிந்தது.

ஆனால் மேட்சிங் பார்ப்பவர்கள் இந்த மொழியில் பேசுவதே இல்லை. அவர்களுடைய மொழி உரிச்சொற்களால் ஆனது. இதமான, ஈரமான, காற்றோட்டமான, பட்டுப்போன்ற, இசைத்தன்மை கொண்ட. (ஒரு ஆம்ப்ளிஃபையரை 'இசைத்தன்மை கொண்டது' என்று பாராட்டுவது, ஒரு தோசைக்கல்லை 'தோசைத்தன்மை கொண்டது' என்று பாராட்டுவதுபோல.) கொஞ்ச நாள் இந்த விமர்சனங்களை வெறியாக வாசித்தேன். வீடியோவாகவும் பார்த்தேன். ஒருநாள் சட்டென்று தோன்றியது, இதை நான் வேறெங்கோ படித்திருக்கிறேனே என்று. நம் ஆட்கள் எழுதும் புத்தக மதிப்புரைதான்! 'அடர்த்தியான மொழி', 'ஆன்மாவைத் தீண்டும் நடை', 'மௌனங்களால் நெய்யப்பட்ட கதை.' எந்தப் புத்தகத்துக்கும் போடலாம், யாரும் மறுக்க முடியாது, எதையும் சொல்லியதும் ஆகாது. இலக்கியத்தில் இந்த மொழிக்கு மயங்கினால் நஷ்டம் இருநூற்றைம்பது ரூபாய். ஆடியோவில் லட்சங்களில் போகிறது.

"அப்போ எல்லா ஆம்ப்பும் ஒண்ணுங்கறியா?" என்று சண்டைக்கு வரும் நண்பர்களுக்கு: இல்லை. மூன்றாவதாக நான் வாங்கியது ஒரு வால்வு ஆம்ப்ளிஃபையர். இருட்டில் ஆரஞ்சு நிறத்தில் மினுக்கும், அவ்வளவு அழகு. அதன் ஒலி வேறாகத்தான் இருந்தது, எனக்குத் தெளிவாகவே கேட்டது. உடம்பு கொஞ்சம் பூசினாற்போல, அவர்கள் சொல்லும் அதே வெதுவெதுப்பு. ஆகா, ஜாதகம் பலித்துவிட்டது என்று குதித்தேன். அப்பா பெட்டியிலிருந்து தன் பழைய மல்ட்டிமீட்டரை எடுத்தார். ஸ்பீக்கர் முனையில் வைத்தார். ஒரே அளவு சத்தத்தில் 200 ஹெர்ட்ஸ் ஒலியை ஓடவிட்டோம்: 2 வோல்ட். 80 ஹெர்ட்ஸ்: 2.5 வோல்ட். பழைய டிரான்ஸிஸ்டர் ஆம்ப்ளிஃபையரை மாட்டி அதே இரண்டையும் அளந்தோம். முள் அசையவில்லை.

நடந்தது இதுதான். அந்த வால்வு ஆம்ப்ளிஃபையருக்கு வெளியீட்டு மின்மறுப்பு அதிகம். ஸ்பீக்கரின் ஓம் ஏறுகிற இடத்தில் வோல்டேஜும் ஏறிவிடுகிறது, இறங்குகிற இடத்தில் இறங்கிவிடுகிறது. என் ஸ்பீக்கரில் அது 80 ஹெர்ட்ஸ் பக்கம் இரண்டு டெசிபல் மேடாக வந்து விழுந்தது. 'கரைஞ்சு போவீங்க' என்பதன் பொருள் இந்த இரண்டு டெசிபல். டோன் கண்ட்ரோல் என்ற பெயரில் இருபது ரூபாய் திருகாணி ஒன்று இதே வேலையைச் செய்யும். ஆனால் டோன் கண்ட்ரோல் இருப்பது 'தூய்மைக்கு'க் கேடு என்று இவர்களே அதைச் சொந்தக்காரனாகக்கூட ஏற்பதில்லை. முன்வாசல் வழியாக வந்தால் தீட்டு, வால்வு வழியாக வந்தால் தெய்வீகம்.

இது என் மூளையில் புதிதாக உதித்த ஞானம் ஒன்றுமில்லை. பாப் கார்வர் என்ற அமெரிக்க வடிவமைப்பாளர் 1985இல் 'ஸ்டீரியோஃபைல்' பத்திரிகைக்கு ஒரு சவால் விட்டார். விலையுயர்ந்த ஆம்ப்ளிஃபையர் எதையாவது நீங்களே தேர்ந்தெடுங்கள், என்னுடைய மலிவான டிரான்ஸிஸ்டர் பெட்டியை அதேபோல ஒலிக்கவைத்துக் காட்டுகிறேன் என்று. அவர்கள் ஒரு வால்வு ஆம்ப்ளிஃபையரைக் கொடுத்தார்கள். இரண்டின் வெளியீட்டையும் ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்து, எஞ்சும் வித்தியாசம் காதுக்கு எட்டாத அளவுக்குக் குறையும்வரை கார்வர் தன் பெட்டியைத் திருகிக்கொண்டே இருந்தார். சில நாட்களில் முடிந்தது. பத்திரிகை ஆசிரியர்களால் எது எது என்று பிரிக்க முடியவில்லை. இது நடந்து எத்தனையோ வருடம் ஆகிவிட்டது. இருந்தும், 'சேராது சார்' என்று சொல்பவரின் தொழில் அமோகமாக நடக்கிறது.

"எல்லாத்தையும் காதுதான் தீர்மானிக்கணும், மீட்டர் இல்ல" என்பது அடுத்த வாதம். நூற்றுக்கு நூறு ஒத்துக்கொள்கிறேன். காதே தீர்மானிக்கட்டும், கண்ணை விலக்கிவையுங்கள். ஃபிளாய்ட் டூல், ஷான் ஆலிவ் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1994இல் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். நாற்பது பேர், நான்கு ஸ்பீக்கர்கள். ஒருமுறை திரைக்குப் பின்னால் வைத்து, ஒருமுறை கண்ணுக்குத் தெரியவைத்து. மறைத்துவைத்தபோது நல்ல மதிப்பெண் வாங்கிய சின்ன, மலிவான ஸ்பீக்கர், கண்ணில் பட்டதும் கீழே இறங்கிவிட்டது. பெரிய, அழகான பெட்டிகள் மேலே ஏறின. கேட்டவர்கள் அனைவரும் ஸ்பீக்கர் தயாரிக்கும் நிறுவனத்திலேயே வேலை பார்த்தவர்கள் என்பதுதான் எனக்குப் பிடித்த பகுதி.

வீட்டில் நாங்களும் ஒரு சோதனை செய்தோம். வால்வை விட்டுவிட்டோம், அதை லோடு இல்லாமல் ஓடவிடக் கூடாது. முதல் இரண்டு டிரான்ஸிஸ்டர் ஆம்ப்ளிஃபையர்கள் மட்டும், ஒன்று நாற்பதாயிரம், இன்னொன்று ஒரு லட்சத்துப் பத்தாயிரம். ஒரே ஸ்பீக்கர். இன்வெர்ட்டருக்குப் போடும் சேஞ்ச்ஓவர் ஸ்விட்சை அப்பா எங்கிருந்தோ கொண்டுவந்து மாட்டினார். 100 ஹெர்ட்ஸ் ஒலியை ஓடவிட்டு இரண்டின் வோல்டேஜையும் மீட்டரில் சமப்படுத்தினார். இது முக்கியம். அரை டெசிபல் சத்தம் கூடினால்கூட மனசு அதைச் 'சத்தம் கூட' என்று சொல்லாது, 'தெளிவு கூட' என்றுதான் சொல்லும். கடைகளில் விலை கூடிய பெட்டி கொஞ்சம் கூடுதல் சத்தத்தில் ஓடுவது எப்போதும் கெட்ட எண்ணத்தால் என்று சொல்ல மாட்டேன். ஆனால் யாரும் மீட்டர் வைத்துச் சமப்படுத்தி நான் பார்த்ததில்லை. பிறகு அப்பாவின் வேட்டியைக் கொடிக்கயிற்றில் திரையாகப் போட்டோம். அவர் உள்ளே உட்கார்ந்து காசு சுண்டி, பூவா தலையா பார்த்து ஸ்விட்சைத் தள்ளுவார். நான் வெளியே சோஃபாவில் உட்கார்ந்து எது என்று சொல்ல வேண்டும். பதினாறு முறை. பன்னிரண்டு சரியாக வந்தால் குருட்டு அதிர்ஷ்டம் இல்லை என்று ஒரு மாதிரி ஒப்புக்கொள்ளலாம்.

ஒன்பது.

அப்பா வேட்டியை மடித்துக்கொண்டே சொன்னார்: "ஏல, நீ கரண்ட்டுக்கு ருசி பாத்துக்கிட்டு அலையுத."

இதோடு நிறுத்தியிருந்தால் இது நான் ஏமாந்த கதை, சிரித்துவிட்டுப் போயிருக்கலாம். எனக்கு இன்னும் கோபம் தீராததற்குக் காரணம் வேறு. இந்த மூன்று வருடமும் ஒவ்வொரு ஆம்ப்ளிஃபையர் வந்தபோதும் அப்பாவை உட்காரவைத்துப் பாட்டுப் போட்டேன். ஒவ்வொரு முறையும் அவர் ஒன்றையே சொன்னார்: "பாட்டு கேக்குது. வார்த்தை கேக்கல." கோவில்பட்டியில், மர அலமாரியும் கொசுவலைக் கட்டிலும் துணி மூட்டையும் அடைத்துக்கிடந்த அந்தச் சின்ன அறையில், ஒற்றை ஸ்பீக்கர் டேப்ரெக்கார்டரில் அவருக்கு வார்த்தை கேட்டது. வேளச்சேரியில் கேட்கவில்லை. நான் அதற்கு ஆம்ப்ளிஃபையரைச் சந்தேகித்தேன். பிறகு அவர் காதைச் சந்தேகித்தேன். வயதானால் காது முதலில் மேல் அதிர்வெண்களை இழக்கும். ச, த, ப போன்ற மெய்யொலிகளைப் பிரித்துக்காட்டுகிற நுணுக்கம் அங்கேதான் இருக்கிறது. அவருக்கும் கொஞ்சம் போயிருந்தது, உண்மைதான். ஆனால் குறை காதில் மட்டும் இல்லை. ஹாலில் இருந்தது.

எங்கள் ஹால் 15க்கு 12 அடி, பத்தடி உயரம். தரை முழுக்க விட்ரிஃபைடு டைல்ஸ், நான்கு பக்கமும் கான்கிரீட், ஒரு பக்கம் கண்ணாடிக் கதவு. பளிச்சென்று இருக்க வேண்டும் என்று 'மினிமலிஸ்டாக' வைத்திருந்தோம். கைதட்டினால் கணீரென்று இருக்கும். கைதட்டிப் பார்க்கத்தான் மூன்று வருடம் ஆயிற்று.

1895இல் ஹார்வர்டில் ஒரு புதிய விரிவுரை அரங்கம் கட்டி, அதில் யார் பேசினாலும் யாருக்கும் புரியாமல் போயிற்று. ஒரு சொல் சுவர்களில் முட்டி ஐந்தரை விநாடி நின்றது. அதற்குள் பேச்சாளர் அடுத்த பதினைந்து சொற்களைச் சொல்லிவிடுவார். வாலஸ் சபைன் என்ற இளம் இயற்பியல் ஆசிரியரிடம் இதைச் சரிசெய்யச் சொன்னார்கள். அவர் இரவு நேரங்களில், ஊர் அடங்கிய பிறகு, பக்கத்து சாண்டர்ஸ் தியேட்டரின் இருக்கை மெத்தைகளைத் தூக்கிக்கொண்டுவந்து அரங்கில் அடுக்கி, ஒரு ஆர்கன் குழாயை ஊதி, ஒலி அடங்க எத்தனை விநாடி ஆகிறது என்று அளந்தார். பிறகு மெத்தைகளையெல்லாம் திருப்பிக் கொண்டுபோய்ப் போட்டார். அதிலிருந்து பிறந்தது ஒரே ஒரு வரிச் சூத்திரம். கன மீட்டரில் அறையின் கொள்ளளவை 0.161ஆல் பெருக்கி, அறையிலுள்ள பரப்புகள் உறிஞ்சும் அளவால் வகுத்தால், எதிரொலி அடங்கும் நேரம் கிடைக்கும்.

போட்டுப் பார்த்தேன். என் ஹால் 51 கன மீட்டர். சுவர், தரை, கூரை எல்லாம் சேர்த்து சுமார் 84 சதுர மீட்டர். வழுவழு கான்கிரீட்டும் டைல்ஸும் தம்மேல் படும் ஒலியில் நூற்றுக்கு ஐந்து பங்கு உறிஞ்சினால் அதிகம். விடை: ஏறக்குறைய இரண்டு விநாடி. சபைன் ஆலோசனை சொல்லி 1900இல் திறந்த பாஸ்டன் சிம்பொனி ஹாலின் எதிரொலி நேரமும் கிட்டத்தட்ட அதுதான், ஆட்கள் நிறைந்திருக்கும்போது. ஒரு சோஃபா, ஒரு டிவி ஸ்டாண்டு போட்டால் என் ஹாலின் கணக்கு கொஞ்சம் இறங்கும். ஆனாலும் இரண்டாயிரத்துச் சொச்சம் பேருக்கு சிம்பொனி வாசிக்கும் மண்டபத்தின் குணத்தை, சுசீலா சொல்லும் ஒவ்வொரு மெய்யெழுத்தின் மேலும் நான் பூசிக்கொண்டிருந்தேன். ஒரு சொல்லின் வால் அடுத்த சொல்லின் தலையை மிதிக்கிறது. இளங்காது எப்படியோ பிரித்துக்கொள்ளும். எழுபத்தொரு வயதுக் காது பிரிக்காது. இதை எந்த ஆம்ப்ளிஃபையராலும் சரிசெய்ய முடியாது.

அந்தக் கடையின் சுவரில் பஞ்சு பேனல்கள் இருந்தன என்று ஆரம்பத்தில் சொன்னேன், ஞாபகம் இருக்கிறதா? அவர்களுக்குத் தெரியும். தெரிந்துதான் அந்த அறையைக் கட்டியிருக்கிறார்கள். ஆனால் உங்கள் வீட்டு அறை எப்படி என்று என்னிடம் ஒருவர்கூடக் கேட்கவில்லை. எத்தனை அடி, தரை என்ன, திரைச்சீலை உண்டா, சோஃபா எங்கே கிடக்கிறது, எதுவும். பெண்ணுக்கும் மாப்பிள்ளைக்கும் பத்துப் பொருத்தமும் பார்த்துவிட்டு, குடித்தனம் போகிற வீட்டில் கூரை இருக்கிறதா என்று பார்க்காத கதை.

அடிநாதத்தில் இன்னும் மோசம். பன்னிரண்டு அடி இடைவெளியில் எதிரெதிரே நிற்கும் இரண்டு சுவர்களுக்கு நடுவே 47 ஹெர்ட்ஸ் ஒலி நின்று ஆடும். அது சுவரின் கணிதம். பேஸ் கிடாரின் ஆகக் கீழான தந்தி 41 ஹெர்ட்ஸ். அதிலிருந்து இரண்டு படி ஏறினால் எஃப் ஷார்ப், 46 ஹெர்ட்ஸ் சொச்சம். இளையராஜா பாட்டுகளில் பேஸ் கிடார் சும்மா தாளத்துக்குத் துணை போகாது, தனியாக ஒரு கதை சொல்லிக்கொண்டே போகும் என்பது உங்களுக்குத் தெரியும். என் ஹாலில் அது எஃப் ஷார்ப்பைத் தொடும் போதெல்லாம் வீடே உறுமும், சமையலறையில் எவர்சில்வர் டம்ளர் அதிரும். அடுத்த சுரம் காணாமல் போகும். கதை சொல்பவர் ஒரே ஒரு எழுத்தை மட்டும் கத்திச் சொன்னால் எப்படி இருக்கும்? 'பேஸ் கண்ட்ரோல் போதல' என்று அதற்கும் ஒரு ஆம்ப்ளிஃபையர் சிபாரிசு செய்தார்கள்.

செய்தது என்ன? கோவில்பட்டி வீட்டிலிருந்து மூன்று இலவம்பஞ்சு மெத்தைகளை வேனில் ஏற்றிக் கொண்டுவந்தோம். உறைபோட்டு, நிமிர்த்தி, இரண்டு மூலைகளிலும் சோஃபாவுக்குப் பின் சுவரிலும் வைத்தேன். படுக்கையறையிலிருந்த புத்தக அலமாரியை ஹாலின் பக்கச் சுவருக்கு நகர்த்தினேன். நடுவில் தடித்த கம்பளம். கண்ணாடிக் கதவுக்குக் கனமான திரை. ஸ்பீக்கரைச் சுவரிலிருந்து இரண்டடி முன்னால் இழுத்தேன், சோஃபாவையும் அப்படியே. மொத்தச் செலவு பதினோராயிரம், வேன் வாடகை உட்பட. டம்ளர் அதிர்வது முழுசாக நிற்கவில்லை. 47 ஹெர்ட்ஸை விழுங்க மெத்தை போதாது. நாற்காலியை நகர்த்தி நகர்த்தி அது குறைவாக இருக்கும் இடத்தைக் கண்டுபிடித்தேன், அவ்வளவுதான். ஹால் இப்போது பார்க்க அழகாக இல்லை. மனைவி 'ஜவுளிக்கடை குடோன்' என்கிறாள்.

அன்று மாலை நாற்பதாயிரம் ரூபாய் ஆம்ப்ளிஃபையரை மாட்டி, கேசட்டில் முதலாவதாக எழுதியிருந்த சுசீலா பாட்டைப் போட்டேன். அப்பா கண்ணை மூடிக்கொண்டு, சரணத்தில் ஒரு வரி முடிவதற்கு முன்பே அடுத்த வரியை முணுமுணுத்தார். வார்த்தை கேட்கிறதா என்று நான் கேட்கவில்லை.

காசு எங்கே போட வேண்டும் என்று கேட்டால், அறைக்கு அடுத்து ஸ்பீக்கரில் போடுங்கள். ஸ்பீக்கர்களுக்கு நடுவே வித்தியாசம் நிஜம், பெரியது, கண்ணைக் கட்டிக்கொண்டாலும் கேட்கும். மின்சாரத்தைக் காற்றாக மாற்றுகிற இடம் அதுதான். ரைஸும் கெல்லாக்கும் 1925இல் வெளியிட்ட ஆய்வுரையில் விவரித்த அதே கூம்பும் சுருளும் காந்தமும்தான் இன்றைக்கும். அந்தக் கூம்பு நேரே மட்டும் நன்றாக ஒலித்தால் போதாது. பக்கவாட்டில் போகும் ஒலிதான் சுவரில் பட்டு உங்களிடம் திரும்பி வருகிறது, அதுவும் சீராக இருக்க வேண்டும். டூலின் பல வருட ஆராய்ச்சியின் சாரமே இதுதான். கடையில் ஒரே ஒரு ஸ்பீக்கரை மட்டும் ஓடவிடச் சொல்லி, உங்களுக்கு மனப்பாடமான ஒரு குரலைக் கேளுங்கள். குறைகள் ஸ்டீரியோவில் ஒளிந்துகொள்ளும், ஒற்றையில் மாட்டிக்கொள்ளும். என் ஹால் அளவுக்கு ஆறு அங்குல அலமாரி ஸ்பீக்கர் தாராளம். ஆளுயரப் பெட்டி வாங்கினால் 47 ஹெர்ட்ஸுக்குச் சம்பளம் கொடுத்து ஆள் வைப்பதுபோல. பொருத்தம் என்ற சொல்லே காதில் விழக் கூடாது என்றால், ஆம்ப்ளிஃபையரை உள்ளேயே வைத்து வரும் ஸ்டுடியோ மானிட்டர்களை வாங்குங்கள். நீங்கள் உருகும் பாட்டுகளில் பலவற்றை அப்படிப்பட்ட பெட்டிகளில் கேட்டுத்தான் கலவை செய்திருப்பார்கள். அங்கே யாரும் வெதுவெதுப்பு பார்த்துக்கொண்டிருப்பதில்லை, நாளைக்கு ரிலீஸ்.

மறுபக்கத்து ஆட்களையும் விட முடியாது. "எனக்கு போன் ஸ்பீக்கரே போதும், இசை மனசுல இருக்கு" என்று சொல்லும் இலக்கிய நண்பர்கள். போன் ஸ்பீக்கரில் பேஸ் கிடார் கிடையாது ஐயா. பாதி ஓவியத்தை மறைத்துவிட்டு எனக்கு இதுவே போதும் என்பது துறவு ஆகாது. ஹெட்ஃபோன் நல்ல ஒலிதான், ஆனால் அதை அப்பாவோடு கேட்க முடியாது.

இரண்டு ஆம்ப்ளிஃபையர்களை விற்பனைக்குப் போட்டேன். வால்வை வாங்க ஒரு பையன் வந்தான். இருபத்தாறு வயது இருக்கும், ஐடி, முதல் வீடு, முதல் செட். பெருங்குடியில் ஃபிளாட். ஸ்விட்சைப் போட்டதும் ஆரஞ்சு வெளிச்சம் அவன் கண்ணாடியில் தெரிந்தது. "அண்ணா, இதுக்கு எந்த ஸ்பீக்கர் மேட்ச் ஆகும்?" என்றான். நான் வோல்ட் கணக்கிலிருந்து ஆரம்பித்தேன், சபைன் வரைக்கும் போனேன், தரை என்ன என்று கேட்டேன். டைல்ஸ் என்றான். மெத்தைகளைக் காட்டினேன். அவன் மரியாதையாகத் தலையாட்டினான். நான் பேசி முடித்ததும், "சரிண்ணா, ஆனா வால்வுன்னா அந்த வார்ம்த் தனிதான்ல?" என்றான்.

அப்பா உள்ளே இருந்து மல்ட்டிமீட்டரோடு எழுந்து வந்தார். வேண்டாம் என்று நான் கையைக் காட்டினேன். பையன் இரண்டாயிரம் குறைக்கச் சொன்னான், குறைத்தேன்.